மாட்டு வண்டியில் வந்த கேள்வி

கர்நாடக சட்டப்பேரவையின் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய 2021 செப்டம்பர் 13-ஆம் தேதி, அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் சித்தராமையாவும் மாநில காங்கிரஸ் தலைவர் டி.கே. சிவகுமாரும் மாட்டு வண்டியில் விதான சௌதாவுக்கு வந்தனர். லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டிவிட்ட பெட்ரோல் விலையைக் கண்டிப்பதே அதன் நோக்கம். மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்த சித்தராமையா, 2023-இல் அதே மாவட்டத்தின் வருணா தொகுதியில் வென்று மீண்டும் முதலமைச்சரானார். அவரது அரசு 2024 ஜூன் 15-ஆம் தேதி பெட்ரோல் மீதான விற்பனை வரியை 25.92 சதவீதத்திலிருந்து 29.84 சதவீதமாகவும், டீசல் மீதான வரியை 14.3 சதவீதத்திலிருந்து 18.4 சதவீதமாகவும் உயர்த்தியது. இம்முறை வீதியில் இறங்கிப் போராடியது பாரதிய ஜனதா.

இந்த முரணைச் சுட்டிக்காட்டிச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால், அன்று மாட்டு வண்டியில் வந்த கேள்வி நியாயமான கேள்விதான். எரிபொருளுக்காக மக்கள் கொடுக்கும் வரிப்பணம் எங்கே போகிறது? அது சாலையாகவும் மருத்துவமனையாகவும் திரும்பி வருகிறதா? கேட்டவர்கள் ஆட்சிக்கு வந்த பிறகும் அதற்கு விடை கிடைக்கவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

முதலில் தில்லியின் கணக்கைப் பார்ப்போம். 2021 பிப்ரவரி நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோல் மீது மத்திய அரசு வசூலித்த கலால் வரி 32 ரூபாய் 90 காசு. இதில் 18 ரூபாய் சாலை மற்றும் உள்கட்டமைப்பு மேல்வரி. 11 ரூபாய் சிறப்புக் கூடுதல் கலால் வரி. இரண்டரை ரூபாய் வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி. மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசு மட்டுமே. பதினைந்தாவது நிதிக் குழு வகுத்த 41 சதவீதப் பங்கின்படி, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து லிட்டருக்குக் கிடைத்தது 57 காசு.

இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசமைப்புச் சட்டத்தின் 80-ஆவது திருத்தமே மேல்வரிகளையும் கூடுதல் வரிகளையும் பகிர்வுக்கு அப்பாற்பட்டவையாக வைத்தது. பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மத்திய அரசு பெட்ரோல் மீதான வரியை மொத்தம் 13 ரூபாயும், டீசல் மீதான வரியை 16 ரூபாயும் குறைத்தது. இந்தக் குறைப்பு சாலை மேல்வரியிலிருந்தே செய்யப்பட்டதால் மாநிலங்களின் பகிர்வுப் பங்கு குறையவில்லை என்று, கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் விளக்கமளித்தார். அது உண்மையே. ஆனால், பகிர்ந்துகொள்ளாத வரியாகவே பெரும்பகுதியும் வசூலிக்கப்பட்டு வந்ததை அந்த விளக்கமே ஒப்புக்கொள்கிறது.

ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென வசூலிக்கப்படுவதுதான் மேல்வரி. அந்த நோக்கத்துக்கே அது செலவாகிறதா? 2018-19-ஆம் ஆண்டில் பல்வேறு மேல்வரிகள், தீர்வைகள் மூலம் வசூலான ஏறத்தாழ 2.74 லட்சம் கோடி ரூபாயில், உரிய நிதியங்களுக்கு மாற்றப்பட்டது 1.64 லட்சம் கோடி ரூபாய் மட்டுமே என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நாடாளுமன்றத்தில் தாக்கலான அறிக்கையில் சுட்டிக்காட்டினார். 2018 முதல் சுகாதாரம் மற்றும் கல்வி மேல்வரி வசூலிக்கப்படுகிறது. அதில் சுகாதாரத்துக்கான பங்கைச் சேர்த்துவைக்கத் தனி நிதியம் அமைக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்ததோ 2021 மார்ச் மாதத்தில்தான். கொரோனா பெருந்தொற்று நாட்டை உலுக்கி ஓராண்டு கழிந்த பிறகு.

சாலைக்கு வருவோம். பெங்களூரு - மைசூரு நெடுஞ்சாலை 118 கிலோமீட்டர். ஏறத்தாழ 8,480 கோடி ரூபாயில் அமைக்கப்பட்ட அதைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 மார்ச் 12-ஆம் தேதி மண்டியாவில் திறந்துவைத்தார். ஒரு வாரத்துக்குள் பெய்த மழையில் ராமநகரம் அருகே சாலையில் வெள்ளம் தேங்கியது. சுங்கக் கட்டணமோ அதற்குள் தொடங்கிவிட்டது. விபத்துகளும் உயிரிழப்புகளும் தொடர்ந்ததை அடுத்து, ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் பிரதான பாதையில் தடை செய்யப்பட்டன. பெட்ரோல் நிரப்பும்போது சாலைக்கென ஒரு வரி, அதே சாலையில் செல்லும்போது ஒரு கட்டணம் என்று குடிமகன் இருமுறை செலுத்துகிறான். இருமுறை செலுத்தியவனுக்குச் சாலை ஏன் குளமானது என்று கேட்கும் உரிமையும் உண்டு.

அடுத்தது மருத்துவமனை. 2021 மே 2-ஆம் தேதி இரவிலும் மறுநாளிலும் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் 24 நோயாளிகள் உயிரிழந்தனர். அங்கே தேவைப்பட்ட ஆக்சிஜன் உருளைகள் மைசூருவிலிருந்து வர வேண்டியிருந்தது. ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் மூவர் மட்டுமே என்று அன்றைய மாநில அரசு முதலில் கூறியது. உயர் நீதிமன்றம் அமைத்த குழு அதை ஏற்கவில்லை. மாநிலங்கள் தங்கள் நிதிநிலை அறிக்கையில் எட்டு சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும், நாட்டின் மொத்த உற்பத்தியில் இரண்டரை சதவீதம் பொது சுகாதாரச் செலவாக உயர வேண்டும் என்றும் 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை இலக்கு வகுத்தது. இலக்குகளுக்கும் சாமராஜநகரின் அந்த இரவுக்கும் இடையிலான தூரம்தான் ஒதுக்கீட்டில் ஏற்படும் பற்றாக்குறையின் உண்மையான அளவு.

பெங்களூருவின் கணக்கும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கு 2024-25-இல் ஏறத்தாழ 52,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அத்திட்டங்களால் ஏழைக் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், பயன்பெற்றதை மறுப்பதற்கில்லை. ஆனால், தொகுதிப் பணிகளுக்கு நிதி கேட்ட ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம், உத்தரவாதங்களுக்கே நிதி போய்விடுவதால் இந்த ஆண்டு வளர்ச்சிப் பணிகளுக்குத் தர இயலாது என்று 2023 ஜூலையில் துணை முதலமைச்சராக இருந்த சிவகுமாரே கூறினார். பின்னர் எரிபொருள் வரி உயர்ந்தபோது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டதும் வளர்ச்சிப் பணிகளே.

2021 நவம்பரில் பசவராஜ் பொம்மை அரசு குறைப்பதற்கு முன்பு பெட்ரோல் மீதான மாநில வரி 35 சதவீதமாக இருந்ததால், 2024-இன் உயர்வு புதிய உச்சமல்ல என்ற வாதம் சரியே. மத்திய வரிப் பகிர்வில் கர்நாடகத்தின் பங்கு 4.713 சதவீதத்திலிருந்து 3.647 சதவீதமாகக் குறைந்ததை எதிர்த்து, 2024 பிப்ரவரி 7-ஆம் தேதி தில்லி ஜந்தர் மந்தரில் சித்தராமையா நடத்திய போராட்டத்திலும் நியாயம் இருந்தது. இருப்பினும், தில்லியிடம் கணக்குக் கேட்பவர் தன் மாநிலத்து மக்களுக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்.

கணக்குக் கேட்கும் மரபு மைசூருவுக்குப் புதிதல்ல. 1881-இல் அங்கே கூடிய மைசூர் பிரதிநிதிகள் சபை, சமஸ்தான இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. அதைத் தோற்றுவித்த திவான் ரங்காசார்லு நமது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவர். 144 உறுப்பினர்கள் கொண்ட அந்தச் சபைக்கு வாக்களிக்கும் அதிகாரமோ நிதியை நிராகரிக்கும் அதிகாரமோ கிடையாது. திவான் வரவு செலவைச் சொல்வார். உறுப்பினர்கள் தங்கள் பகுதியின் குறைகளை எடுத்துரைப்பார்கள். அவ்வளவுதான்.

இன்றைய நாடாளுமன்றத்துக்கு அந்த அதிகாரங்கள் அனைத்தும் உண்டு. ஆனால், 2023 மார்ச் 23-ஆம் தேதி, ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய்க்கான மத்திய நிதிநிலை அறிக்கையின் மானியக் கோரிக்கைகள் மக்களவையில் அமளிக்கிடையே விவாதமின்றி சில நிமிடங்களில் நிறைவேறின. சுகாதாரத்துக்கும் விவாதமில்லை, சாலைக்கும் இல்லை, பெட்ரோலியத்துக்கும் இல்லை. அமளிக்கு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுமே பொறுப்பு.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. எரிபொருள் மூலம் எவ்வளவு வசூலானது, அதில் சாலைக்கு எவ்வளவு, சுகாதாரத்துக்கு எவ்வளவு, மீதி எங்கே என்பதை மத்திய அரசும் மாநில அரசுகளும் ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையுடன் தனி அறிக்கையாகத் தாக்கல் செய்யலாம். அதன் மீது ஒரு நாளாவது விவாதம் நடத்தலாம். தமிழகம் உள்பட எந்த மாநிலமும் இதற்கு விதிவிலக்காக இருக்கக் கூடாது. அவையில் இருக்கை எந்தப் பக்கம் மாறினாலும் இந்தக் கேள்வி மாறக் கூடாது. மாட்டு வண்டியில் வந்தவர்களிடமும், அவர்களை எதிர்த்து வீதிக்கு வந்தவர்களிடமும் மக்கள் எதிர்பார்ப்பது அதைத்தான்.