கிட்டியும் மாவுக்கட்டும்

கைதானவனின் கையில் மாவுக்கட்டு; சில வேளைகளில் காலிலும் மாவுக்கட்டு. தப்பியோட முயன்றபோது தவறி விழுந்தான் என்றோ, கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்றோ படத்தின் கீழே இரண்டு வரிகள். சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் செய்தித்தாள் புரட்டுவோர் இத்தகைய படங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டனர். பழகியதோடு நில்லாமல் சிரிக்கவும் கற்றுக்கொண்டனர். "காவல் நிலையக் கழிவறை மட்டும் ஏன்தான் இப்படி வழுக்குகிறதோ!" என்று கேட்டுக் கண் சிமிட்டுகிறவர் அந்தப் பொய்யை நம்புகிறவர் அல்லர், பொய்யென்று அறிந்தே அதில் மகிழ்கிறவர். நம்மை உறுத்துவது அந்தச் சிரிப்பே.

வெளியே கேட்ட அச்சிரிப்பை ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் திண்ணையிலும் கேட்டோம். "அடிக்காமல் பிறகென்ன, மடியில் வைத்துக் கொஞ்சவா செய்வார்கள், ஹஜரத்?" என்று ஒரு பெரியவர் நம்மிடமே கேட்டார். ஐவேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர். ஏழைக் குமர்களுக்கு வாரி வழங்குபவர். கொடியவர் அல்லர். அத்தகையவர் வாயிலிருந்து வந்ததனாலேயே அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறோம்.

ஸுனன் அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. கலாஇய்யீன் என்னும் கூட்டத்தாரின் பொருள் களவு போயிற்று. நெசவாளர் சிலர்மீது அவர்களுக்குச் சந்தேகம். அந்த நெசவாளர்களை நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களிடம் கொண்டு வந்தனர். அவர்கள் சில நாள் காவலில் வைத்துப் பின்பு விடுவித்துவிட்டார்கள். புகார் கொடுத்தவர்களுக்குக் கோபம். அடியும் இல்லை, சோதனையும் இல்லை, இப்படியா அனுப்பிவிடுவது என்று கேட்டு வந்து நின்றனர். நுஃமான் (ரலி) சொன்ன பதிலின் கருத்து இது: நீங்கள் விரும்பினால் அடிக்கிறேன். உங்கள் பொருள் அவர்களிடம் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் அவர்கள் முதுகில் விழுந்த அத்தனை அடியும் உங்கள் முதுகில் விழும். இது உம்முடைய தீர்ப்பா என்று அவர்கள் வியந்து கேட்க, இது அல்லாஹ்வுடையதும் அவன் தூதருடையதுமான தீர்ப்பு என்றார்கள். அவர்களை அச்சுறுத்தவே அவ்வாறு சொன்னார்கள் என்று இமாம் அபூதாவூத் அவர்கள் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள்.

மதரஸாவில் நாம் இதை ஓதியபோது, களவு வழக்கின் ஒரு சட்டக் குறிப்பாக ஓதிக் கடந்துவிட்டோம். 2025 ஜூன் மாதக் கடைசியில் சிவகங்கை மாவட்டத்திலிருந்து வந்த செய்தியைப் படித்தபோதுதான் அதன் கனம் விளங்கிற்று. திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில், கோயில் காவலாளியான 27 வயது இளைஞர் ஒருவர். கோயிலுக்கு வந்தவரின் காரில் இருந்த நகை காணவில்லை என்று புகார். தனிப்படையினர் அவரைப் பிடித்துச் சென்றனர். மறைவிடத்தில் வைத்து அடித்தனர். அதை ஒருவர் ஒளிந்து நின்று படம் பிடித்தார். இளைஞர் மாண்டார். அப்போதும் நகை கைக்கு வந்திருக்கவில்லை. உடலெங்கும் காயங்களைக் கண்டு, ஒரு கொலைகாரன்கூட இப்படித் தாக்கமாட்டான் என்ற பொருளில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வருந்திற்று. காவலர் ஐவர் கைதாயினர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. எல்லாம் சரி. நுஃமான் (ரலி) அவர்களின் அளவுகோலைக் கையில் எடுத்துக் கேட்கிறோம்: "நன்றாக விசாரியுங்கள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உறங்கும் நம் சமூகத்தின் முதுகு எங்கே?

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2020 ஜூன் 19 ஆம் நாள் சாத்தான்குளத்தில் தந்தை ஒருவரும் மகனும் பிடிக்கப்பட்டனர். ஊரடங்கு நேரம் கடந்தும் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்பதே அவர்கள்மீது சொல்லப்பட்ட குற்றம். அதைக்கூட நிரூபிக்க எவரும் முயலவில்லை. தரையில் புரண்டு தாங்களே காயப்படுத்திக்கொண்டனர் என்று முதல் தகவல் அறிக்கை எழுதினார்கள்! மகன் 22 ஆம் நாள் இரவும், தந்தை மறுநாள் விடியலிலும் மாண்டனர். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரையே அந்நிலையத்தில் ஒரு காவலர் இழிவாகப் பேசினார் என்றால், கைதியிடம் எந்த மொழியில் பேசியிருப்பார்கள்? அந்த நிலையத்திலேயே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர், தாம் கண்டதை அஞ்சாமல் சாட்சியம் சொன்னார். காவல்துறை முழுவதும் கொடியோர் கூட்டம் என்று நாம் சொல்லாதிருப்பதற்கு அந்த அம்மையார் ஒருவரே போதும்.

போலீஸார்மீது அரிவாள் பாய்கிறதே, அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்று கேட்பார்கள். நிற்க வேண்டாம். சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 1973 ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 46 ஆம் பிரிவு, கைது செய்வது எப்படி என்பதையே வரையறுத்தது. சொல்லாலோ செயலாலோ ஒருவன் பணிந்துவிட்டால் அவன் உடலைத் தொடவும் வேண்டியதில்லை. எதிர்த்தால், பிடிப்பதற்குத் தேவையானதைச் செய்யலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவனைக் கைது செய்யும் முயற்சியில் கொல்வதற்கு உரிமை இல்லை. பிடித்த பிறகு, தப்பாமல் தடுப்பதற்கு வேண்டிய அளவைவிடக் கூடுதலாக அவனைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றது 49 ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 43, 46 ஆம் பிரிவுகளாக இவை தொடர்கின்றன. ஆகவே நம் வழக்கு, ஓடுகிறவனைத் துரத்திப் பிடிக்கும் காவலருடன் அன்று. கைப்பிடிக்குள் வந்துவிட்டவன்மீது விழும் அடியைப் பற்றியே பேசுகிறோம்.

அடித்தால்தான் உண்மை வெளிவரும் என்பது இன்னொரு வாதம். பட்டினி போட்டாலும், அச்சுறுத்தினாலும், சிறைப்படுத்தினாலும் மனிதன் தனக்கெதிராகவே ஒப்புக்கொள்வான் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் எச்சரித்ததை, இமாம் அபூ யூஸுஃப் அவர்கள் தம் 'கிதாபுல் கராஜி'ல் எடுத்துரைக்கிறார்கள். அந்நூல் ஓலைக் குடிசையில் இருந்து ஓதப்பட்டதன்று. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதப்பட்டது. அடித்து வாங்கிய வாக்குமூலத்தைக் கொண்டு தண்டிக்கலாகாது என்று ஆட்சியாளரின் முகத்துக்கு நேராகச் சொன்ன நூல் அது. இமாம் கஸ்ஸாலி அவர்களும் 'முஸ்தஸ்ஃபா'வில் இதே கேள்வியை எடுத்துக்கொள்கிறார்கள். களவுச் சந்தேகத்துக்குரியவனை அடிக்கலாம் என்று இமாம் மாலிக் அவர்களின் பெயரால் வரும் கருத்தைச் சொல்லி, அதை ஏற்க மறுக்கிறார்கள். அவன் குற்றமற்றவனாக இருக்கக்கூடுமே. குற்றவாளியை அடிக்காமல் விடுவது குற்றமற்றவனை அடிப்பதைவிட இலேசானது என்பதே அவர்கள் காட்டும் காரணம். நேர்மையாகச் சொல்வதானால், நம் முன்னோருள் எல்லோரும் இந்தப் பக்கம் நின்றார்கள் எனக் கூற முடியாது. தீய நடத்தைக்குப் பேர்போனவனை அடித்து விசாரிக்க ஆட்சியாளருக்கு இடமளித்த அறிஞர்களும் உண்டு. மாவர்தியின் நூலைப் புரட்டுவோர் காணலாம். அக்கருத்தை எடுத்துக்காட்டி நம்மோடு வாதாட வருகிறவர், தேடிப் பிடித்த அந்த ஒரு சலுகையை மட்டுமே பின்பற்றுகிறாரா, அன்றி அந்த அறிஞர்கள் ஆட்சியாளர்மீது சுமத்திய பொறுப்புகளையும் சேர்த்தே கேட்கிறாரா என்பதை முதலில் சொல்லட்டும்.

கிதாபுகள் கிடக்கட்டும். நாமும் பிரம்பெடுத்தவர்களே. இளம் ஆசிரியராக இருந்த காலத்தில், காணாமற்போன ஒரு பேனாவுக்காக ஒரு மாணவனை இருமுறை அடித்தோம். மூன்றாவது அடிக்கு முன்பே, "நான்தான் எடுத்தேன், உஸ்தாத்" என்று ஒப்புக்கொண்டான். பேனா மறுநாள் நம் ஜுப்பாப் பையின் கிழிசலுக்குள் கிடந்தது. அடி உண்மையைக் கொண்டு வராது. அடிப்பவன் எதைக் கேட்க விரும்புகிறானோ அதைக் கொண்டு வரும். போலீஸாரிடம் செய்த ஒப்புதல் செல்லாது என்று 1872 ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் 25 ஆம் பிரிவில் எழுதியவன் வெள்ளைக்காரன். தன் காவலர்களை அவன் நன்றாக அறிந்திருந்தான் போலும்!

அறிந்திருந்தான் என்பதற்குச் சான்றும் உண்டு. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய அமைத்த குழு 1855 இல் அறிக்கை தந்தது. நிலவரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் குடிகளை வதைத்த முறைகளை அது வரிசைப்படுத்திற்று. விரல்களை இடுக்கி நசுக்கும் கிட்டி. கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனியக் கட்டும் அண்ணாந்தாள். வெயிலில் நிறுத்தி வைத்தல். கிட்டியும் அண்ணாந்தாளும் நம் தமிழ்ச் சொற்களாகவே ஆங்கில அறிக்கையில் ஏறின. உலகுக்குத் தமிழ் வழங்கிய சொற்களைப் பட்டியலிட்டு மகிழ்வோர் இவ்விரண்டையும் சேர்த்துக்கொள்வார்களாக.

வெயிலில் நிறுத்துவது என்றதும் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஷாம் நாட்டில் சில உழவர்கள் வெயிலில் நிறுத்தப்பட்டு, தலையில் எண்ணெய் ஊற்றப்பட்டிருந்ததைக் கண்டார்கள். வரி பாக்கிக்காக என்றனர். உலகில் மனிதர்களை வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அங்கேயே முழங்கினார்கள். பாலஸ்தீனத்தின் ஆளுநரிடம் சென்று அதை எடுத்துரைக்க, அவ்வுழவர்கள் விடுவிக்கப்பட்டனர். அவ்வுழவர்கள் ஹிஷாமின் மார்க்கத்தவர் அல்லர், உறவினரும் அல்லர்.

இங்கேதான் நம் சமுதாயத்தோடு நமக்கு வழக்கு. நம் பிள்ளையைப் பிடித்துச் சென்றால் ஜமாஅத் முழுவதும் காவல் நிலைய வாசலில் திரள்கிறது, திரள வேண்டியதுதான். பிடிபட்டவன் வேறு தெருவினன், வேறு பெயரினன் என்றால் மாவுக்கட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம். சாத்தான்குளத்தாரும் மடப்புரத்தாரும் நம்மவர் அல்லர் என்பதால் நம் மேடைகளில் எத்தனை பேர் வாய் திறந்தனர்?

இந்தியா சித்திரவதைக்கெதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997 இல் கையெழுத்திட்டதோடு சரி, ஏற்புறுதி செய்யவில்லை. அதற்கென ஒரு மசோதா 2010 இல் மக்களவையில் நிறைவேறியும் சட்டமாகாமல் போயிற்று. அது தில்லியின் கடன். நம் முஹல்லாவின் கடன் வேறொன்று உண்டு. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் விதித்த பதினொரு கட்டளைகளுள் ஒன்று, கைதுக் குறிப்பு எழுதி அதில் குடும்பத்தவர் ஒருவரோ அவ்வட்டாரத்தின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்பது. காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கொரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. வட்டாரத்தின் மதிப்புக்குரியவர் என்றால் யார்? திண்ணையில் நம்மிடம் கேட்ட பெரியவரேதான். பிடிபட்டவன் எந்தத் தெருவினன் ஆயினும், அந்தத் தாள் எழுதப்பட்டதா என்று போய்க் கேட்கும் தகுதி அவருக்கு உண்டு.

இதை அவரிடமும் சொன்னோம். முழுமையாக இணங்கிவிடவில்லை. "களவு போனது உங்கள் வீட்டில் என்றால் இப்படிப் பேசுவீர்களா?" என்றே கேட்டார். எனினும் அந்த நெசவாளர் ஹதீஸை அரபியில் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை கிதாபை எடுத்துச் செல்கிறோம்.