மருமக்கள்வழியும் மதிப்பெண்வழியும்

சமூகவியல் பாடநூல்களில் குடும்பம் என்னும் அத்தியாயம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். குடும்பமே முதல் பள்ளி. தந்தை தன் நிலத்தையும் நடையையும் மகனிடம் கையளிக்கிறார். பள்ளி அதன்மேல் எழுத்தைச் சேர்க்கிறது. வீட்டில் வாய்த்த பேச்சும் ரசனையும் பள்ளியில் திறமையாக மதிப்பிடப்படுவதை பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியு 'பண்பாட்டு மூலதனம்' என்றார். நாஞ்சில் நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது நமக்கு ஓர் ஐயம். இங்கே தந்தைக்கு அந்த இடம் வெகுகாலம் இருக்கவில்லையே?

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து சகோதரியின் மகனுக்கே சென்றது. மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு சிறு பங்கு மட்டும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' நூலில் இந்தக் குடும்பத்தின் கதையை ஐந்தாம் மனைவியின் வாயால் சொல்லவைத்தார். சிரித்தபடி படித்துவிட்டு நிம்மதியாக உறங்க முடியாத நூல் அது. அதை எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதும் நினைக்கத் தக்கது. 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மருமக்கள்வழி மக்கள்வழிக்கு இடம் விட்டது.

காரணவரும் இல்லை, வயலும் இல்லை என்றிருந்த குடும்பங்களின் கதை வேறு. ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தபின், லண்டன் மிஷன் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் வந்தது கையளிக்க ஏதுமற்ற வீடுகளிலிருந்து. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்பித்தார். மேலாடை அணியும் உரிமைக்காக 1859இன் அரசாணை வரை அடிபட்டவர்களில் அந்தச் சபைகளைச் சேர்ந்த பெண்கள் பலர். பூர்தியுவின் கணக்கு இங்கே தலைகீழாகிறது: மூலதனம் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போயிற்று. பாடநூல் எழுதுவோர் ஒருமுறை மயிலாடி வரை வந்து போகலாம்.

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழகத்தில் முதலிடம். நமக்குப் பெருமைதான். ஆனால் படிப்பு குடும்பத்தின் பழைய பேரேட்டைக் கிழித்தெறியவில்லை, அதிலேயே புதிய பற்றுவரவாக ஏறிக்கொண்டது என்பதே நம் எண்ணம். மருமக்கள்வழியில் சொத்து பெண் வழியாகக் கடந்தது. ஆண்டவர் என்னவோ காரணவர்தான். இன்று பட்டம் பெற்ற பெண்ணோடு நகையும் ரொக்கமும் சேர்ந்து கடக்கின்றன. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் பற்றித் தேர்வில் பிழையின்றி எழுதியவர்களே பந்தலில் அமர்ந்து சாட்சியாகிறார்கள். மாப்பிள்ளையின் படிப்பு உயர உயரத் தொகையும் உயர்கிறது. பெண்ணின் படிப்பு அதில் ஒரு ரூபாயைக் குறைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.