தஸ்தாவேஜுப் பெட்டி எங்கே?

குடும்பத்தை ஒழுங்காக நடத்துவது என்றவுடன் அடுக்களை அலமாரியும், மடித்து வைத்த துணியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டியவையே. ஆனால், பிழைப்பை நாடிச் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறியிருக்கும் நம்மவர்கள் முதலில் ஒழுங்கு செய்ய வேண்டியது வீட்டிலுள்ள காகிதங்களையே. பாத்திரம் இடம் மாறினால் பத்து நிமிடம் தேடினால் போதும். பத்திரம் காணாமற்போனால் மாதக் கணக்கில் அலைய வேண்டும்.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு இதில் சிக்கல் அதிகம். 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 முதல் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மாவட்டம்தான் மாறியது. ஆகவே, திருத்தணிப் பக்கத்துப் பூர்வீக நிலத்தின் பத்திரத்தில் சித்தூர் மாவட்டம் என்றிருப்பதைக் கண்டு, உதவாத காகிதம் என்று எண்ணிவிடக் கூடாது. போகியன்று பழையன கழிக்கும்போது, படித்துப் பார்க்காமல் ஒரு தாளையும் நெருப்பில் போடாதீர்கள்.

பெயர் விஷயம் மற்றொன்று. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைப் போடுகிறோம். இங்கே 'இன்டி பேரு' என்னும் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவது வழக்கம். விண்ணப்பம் எழுதுகிறவர் கேட்கும்போது, ஒரு நாள் ஊர்ப் பெயரைச் சொல்கிறோம். இன்னொரு நாள் தந்தை பெயரைச் சொல்கிறோம். ரேஷன் அட்டையில் ஒரு விதம், பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம் என்றாகி, பிள்ளைக்கு வேலை கிடைக்கும் நேரத்தில் தகராறு முளைக்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். எந்த விண்ணப்பமானாலும் அதைப் பார்த்தே எழுதச் செய்யுங்கள்.

பிரசவத்துக்கு மனைவியைத் தாய்வீடு அனுப்புகிறோம். பிள்ளை பிறந்த ஊரில்தான் பிறப்புப் பதிவாகும். 21 நாட்களுக்குள் பதிவது முறை. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும், அரசு வேலைக்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழே ஆதாரம். குழந்தையோடு சான்றிதழையும் கையில் வாங்கிக்கொண்டு திரும்புவதே உத்தமம்.

இனி, வைக்கும் முறை. மூடியுள்ள ஒரு தகரப் பெட்டி போதும். உள்ளே நான்கு பிளாஸ்டிக் உறைகள்: பிறப்பு, திருமணம், படிப்புச் சான்றிதழ்கள் ஒன்றில், வீடு, நிலம் ஒன்றில், பாங்கு, இன்ஷூரன்ஸ், பிராவிடண்ட் பண்டு ஒன்றில், வாடகை, மின்கட்டண ரசீதுகள் ஒன்றில். மூடியின் உட்புறம் இன்னின்ன இருக்கின்றன என்று பட்டியல் ஒட்டுங்கள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாதீர்கள். 2021 நவம்பர் பெருமழையில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியதை நாம் மறக்கவில்லை. பரண்தான் சரியான இடம். நகல்கள் ஒரு தொகுதி சொந்த ஊரில் இருக்கட்டும். கைபேசி உள்ளவர்களுக்கு மத்திய அரசின் டிஜிலாக்கர் வசதி 2015 முதல் இருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பெட்டியின் சாவி. 'அவளுக்கு என்ன தெரியும்' என்று மனைவிக்குச் சொல்லாமல் வைக்கும் வழக்கம் நம்மில் இன்னும் போகவில்லை. கணவர் திடீரென்று கண்ணை மூடினால், எந்தப் பாங்கில் எவ்வளவு இருக்கிறதென்றே அறியாமல் அந்த அம்மாள் யாரிடம் போய்க் கேட்பார்? பத்தாண்டுகள் யாரும் கேட்காத டெபாசிட் பணம் ரிசர்வ் பாங்கின் தனி நிதிக்குப் போய்விடுகிறது. வாரிசுகள் பிறகும் கேட்டுப் பெறலாம். ஆனால் கணக்கு இருப்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்? பாங்குக் கணக்கில் நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம்.

சம்பாதிப்பவர் ஒருவரே ஆனாலும், குடும்பம் எல்லோருக்கும் உரியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, மனைவி மக்களை அருகில் வைத்துக்கொண்டு பெட்டியை அடுக்குங்கள். சாவி ஒன்று அவரிடமும் இருக்கட்டும்.