நாலு பொய் சொல்லி ஒரு தாவல்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். வீடியோ கேமில் ஒரு பொம்மையைத் தாவ வைக்க அவ்வளவு வேண்டாம். நாலு பொய் போதும்.

முதலில் உண்மை. திரையில் படம் விநாடிக்கு 60 தடவை புதுசாக வரையப்படுகிறது. ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம். பட்டனைத் தட்டியதும் பொம்மைக்கு மேல்நோக்கி ஒரு வேகம் தருகிறோம். ஃப்ரேமுக்கு 4 புள்ளி என்று வையுங்கள். பிறகு ஒவ்வொரு ஃப்ரேமிலும் அதிலிருந்து கால் புள்ளி கழித்துக்கொண்டே வரவேண்டும். இதுதான் புவியீர்ப்பு. 16-வது ஃப்ரேமில் வேகம் பூஜ்யம். பொம்மை சுமார் 32 புள்ளி உயரத்தில். மேலும் கழித்தால் வேகம் மைனஸ், இறங்குகிறது. ரெண்டே வரி ப்ரோக்ராம். நியூட்டன் பார்த்தால் சந்தோஷப்படுவார். ஆடுகிற பையன் படமாட்டான்.

ஒன்றரை மீட்டர் ஹீரோ தன்னைப் போல் நாலு மடங்கு, அதாவது 6 மீட்டர் எகிற வேண்டும். பூமியின் அசல் ஈர்ப்பில் ஏறி இறங்க 2.2 விநாடி ஆகும். பலூன் மாதிரி மிதப்பான். எனவே பொய் நம்பர் ஒன்று: ஈர்ப்பைக் கூட்டு. இறங்கும்போது இன்னும் இரண்டு மடங்காக்கு. 16 ஃப்ரேமில் ஏறியவன் 11 ஃப்ரேமில் 'தொப்'பென்று தரையில்!

பொய் இரண்டு. 1981-ல் நின்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ உருவாக்கிய 'டாங்கி காங்'கில் ஹீரோவின் பெயரே ஜம்ப்மேன். எகிறிய பிறகு திசை மாற முடியாது. ஃபிசிக்ஸ்படி அதுதான் நியாயம். அதே ஆசாமி 1985-ல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸி'ல் மாரியோவாக வந்தபோது அந்தரத்திலேயே திரும்பினார். பட்டனைத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். ஆகாயத்தில் எதை உதைத்து உயர்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. சினிமா ஹீரோக்களை மட்டும் கேட்கிறோமா என்ன?

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த பொய். ரோட் ரன்னர் கார்ட்டூனில் கொயோட்டி என்றொரு ஓநாய் மலை விளிம்பைத் தாண்டியும் காற்றில் ஓடும். குனிந்து பார்த்த பிறகுதான் விழும். கேம்களிலும் இந்தச் சலுகை உண்டு; பெயரே 'கொயோட்டி டைம்'. 2018-ல் வந்த 'செலஸ்ட்' என்ற கேமில் விளிம்பைத் தாண்டி 0.1 விநாடிக்குள் பட்டனை அழுத்தினாலும் தாவலாம். நாலாவது இதன் தம்பி. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அவசரப்பட்டு அழுத்திவிட்டால், அதை ஞாபகம் வைத்துக்கொண்டு தொட்டதும் தாவ வைப்பது.

எதற்கு இத்தனை கரிசனம்? சலுகை இல்லாவிட்டால் ஒரு சண்டை வரும். "நான் கரெக்டாத்தான் அழுத்தினேன், குதிக்கலை!" என்பான் பையன். "நீ 3 ஃப்ரேம் லேட்" என்கும் மெஷின். விநாடியில் இருபதில் ஒரு பங்கு! கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் பொம்மை விளிம்பைக் கடந்துவிடுகிறது. ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. யார் பக்கம் தீர்ப்பு சொல்வது என்பதுதான் ப்ரோக்ராம் எழுதுபவரின் நிஜமான வேலை. நல்லவர்கள் விரல் செய்ததைப் பார்ப்பதில்லை. செய்ய நினைத்ததைப் பார்க்கிறார்கள்.

அதற்காக அரை விநாடி கொடுத்தால் பொம்மை காற்றில் வாக்கிங் போகும். ஆட்டத்தில் சவாலே இருக்காது. வாங்குகிறவனுக்கே தெரியாத அளவில் இருக்க வேண்டும் சலுகை. பள்ளத்தைத் தாண்டியவன் "நம்ம திறமை!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டும்.

'செலஸ்ட்' எழுதியவர்கள் அந்த 0.1 விநாடிக்கு ப்ரோக்ராமில் வைத்திருக்கும் பெயர் 'ஜம்ப் கிரேஸ் டைம்'. ஆமாம், ஆபீஸ் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் பத்து நிமிஷம் தருவார்களே, அதே கிரேஸ் டைம். ஒரே வித்தியாசம், கேமில் கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதில்லை.

மானேஜர்கள் கவனிக்க.