கேறி வாங்க!

திருவட்டாற்றுக்குப் போனது ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்க. மாட்டிக்கொண்டது இங்கிலீஷ் டியூஷனில்.

சாயங்காலம் நடை திறக்கக் காத்துக்கொண்டு கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒன்பதாம் கிளாஸ் படிக்கும் அண்ணன் மகள் நோட்டை நீட்டினாள். "சித்தப்பா, எண்ட்ரியா எண்ட்ரன்ஸா, எங்க எது போடணும்னே தெரியல்ல."

முப்பது வருஷம் இங்கிலீஷில் லீவ் லெட்டர் எழுதியவனிடம் கேட்கிற கேள்வியா!

"எண்ட்ரன்ஸ்னா வாசல். மெயின் எண்ட்ரன்ஸ், சைடு எண்ட்ரன்ஸ். எண்ட்ரின்னா உள்ளே போறது, போறதுக்கான உரிமை. அதான் ஒருவழிப் பாதையில 'நோ எண்ட்ரி'. பாடுபட்டு நுழைஞ்சா 'கெயின் எண்ட்ரி'. திருடன் கதவை உடைச்சா 'ஃபோர்ஸ்டு எண்ட்ரி'."

"ரஜினி எண்ட்ரி?"

"அது நம்ம இங்கிலீஷ். வெள்ளைக்காரன் 'மேக்ஸ் ஆன் எண்ட்ரன்ஸ்'னு சொல்லுவான்."

"எண்டர் இண்டு த டெம்பிள்?"

"இண்டு கூடாது. ஒப்பந்தம் போட்டாத்தான் எண்டர் இண்டு."

"எதுக்கு இத்தனை? நாங்க 'கேறி வாங்க'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவோம். பஸ்ஸுலயும் கேறலாம், வீட்டுக்குள்ளயும் கேறலாம்."

வாஸ்தவம்தான். இந்தக் கோயிலில் படி கேறாமல் உள்ளே கேற முடியாது.

"அப்போ பெருமாளுக்கு மூணு எண்ட்ரன்ஸ்!" என்றாள். 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டவரை மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். ஒன்றில் முகம், ஒன்றில் உடல், ஒன்றில் பாதம்.

"நாம உள்ள போக முடியாதே, அது வெறும் டோர்" என்று சமாளித்தேன்.

விடவில்லை. "ஹிஸ்டரி புக்குல 'டெம்பிள் எண்ட்ரி' பிரகடனம்னு இருக்கே. ஏன் எண்ட்ரன்ஸ் இல்ல?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. அப்போது இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. வைக்கத்தில் 1924-லும் சுசீந்திரத்தில் 1926-லும், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-ந் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எல்லா ஜாதி இந்துக்களுக்கும் அரசுக் கோயில்கள் திறந்தன. எண்ட்ரன்ஸ் பல நூறு வருஷமாக இருந்தது. எண்ட்ரிதான் இல்லை.

பக்கத்துப் படியில் துண்டை விசிறிக்கொண்டிருந்த பெரியவர் திரும்பினார்.

"எங்க அப்பன் வெளிய நின்னு கும்பிட்டவருதான் மக்களே. முப்பத்தாறுக்குப் பொறவு ஒருநாள் பயந்து பயந்து உள்ள கேறினாராம். கூட்டத்துல கடைசி வாசல் மட்டும்தான் கிடைச்சுது. காலை மட்டும் பாத்துட்டு, இது போரும்னு வந்துட்டாராம்."

அவள் நோட்டில் ஒரு வாக்கியம் எழுதி என்னிடம் காட்டினாள். 'ஹிஸ் ஃபாதர் கெயிண்ட் எண்ட்ரி.'

திருத்த ஒன்றுமில்லை.

உள்ளே மணி அடித்தது. பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"நடை திறந்தாச்சு. கேறுங்க."