மிதிவண்டி என்ன பாவம் செய்தது?

மிதிவண்டி என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோரை ஆண்டுதோறும் காண்கிறேன். “பால் வாளியைக் கட்டிக்கொண்டு நாங்கள் மிதித்தது போதாதா? பிள்ளையுமா மிதிக்க வேண்டும்?” என்கின்றனர். தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தோம். தோட்டத்து வண்டி நமக்கு இழிவாகிவிட்டது. பன்னிரண்டு வயதிலும் மிதிவண்டி ஓட்டத் தெரியாத பிள்ளைகள் நம் பள்ளிகளில் இருக்கின்றனர்.

1899ஆம் ஆண்டு ஆகஸ்டில், கனடாவின் மொன்றியல் நகரில் உலக மிதிவண்டி ஓடுகளப் போட்டி நடைபெற்றது. 1893இல் சிக்காகோவில் தொடங்கிய போட்டி அது. ஒரு மைல் விரைவோட்டத்தில் வென்றவர் மேஜர் டெய்லர் என்னும் அமெரிக்கக் கறுப்பின இளைஞர், வயது இருபது. அவர் நாட்டு மிதிவண்டிக் கழகமோ, வெள்ளையர் அல்லாதார் உறுப்பினராகக் கூடாதென 1894இலேயே விதி செய்திருந்தது. எதிராளிகள் கூட்டுச் சேர்ந்து அவரை ஓடுகளத்தில் நெருக்கினர். 1897இல் பந்தயம் முடிந்ததும் ஒருவன் அவர் கழுத்தையே நெரித்தான். அதன் பின்னரும் அவர் களத்தை விட்டு விலகவில்லை.

அவர் 1932இல் வறுமையில் மாண்டார் என்பதும் உண்மைதான். ‘விளையாட்டு சோறு போடுமா?’ என்பார்க்கு இது வாய்ப்பாக அமையும். ஆனால், மிதிவண்டியால் அவர் ஈட்டியது பெரும்பொருள்; அதைக் கரைத்தவை தவறிய முதலீடுகளும் நோயும்.

“நம் பிள்ளைகளை யார் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள்?” என்பது அடுத்த கேள்வி. புறக்கணிப்பு இல்லையென்று நான் வாதிட வரவில்லை. களத்திற்கே அனுப்பப்படாத பிள்ளையை எந்தத் தேர்வாளர் புறக்கணிக்க முடியும்? முருகையன் குமரேசன் 1988இல் சியோலிலும் 1992இல் பார்சலோனாவிலும் மலேசியாவின் மிதிவண்டி வீரராக ஒலிம்பிக்கில் போட்டியிட்டார். அவர் பெயரை எந்த வகுப்பில் சொல்லியிருக்கிறோம்? டுங்குன் மண்ணின் அசிசுல்ஹஸ்னி அவாங் 2017இல் ஹாங்காங்கில் கெய்ரின் பிரிவின் உலக வெற்றியாளரானார். அவரும் ஒரு சிற்றூர்ப் பிள்ளைதானே!

ஈப்போவிலேயே ‘வெலோட்ரோம் ராக்யாட்’ இருக்கிறது. ராக்யாட் என்றால் மக்கள். அந்த மக்களுள் நாமும் அடக்கம். சரிந்துயர்ந்த அதன் வளைவுகளை நம் மாணவருள் எத்தனை பேர் பார்த்திருப்பர்? கல்விச் சுற்றுலா என்றால் பேரங்காடிக்கும் கேளிக்கைப் பூங்காவிற்கும் பேருந்து பிடிக்கத் தெரிந்த நமக்கு, இந்த வழி மட்டும் தெரியவில்லை.

ஆசிரிய நண்பர்களே, யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்குத் தாரைவார்க்கும் வழக்கம் மட்டும் ஏன் இன்னும் நீங்கவில்லை? அடுத்த வார அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அந்த வேளையில் திடலில் யார் இருக்கப் போகிறார்கள்?