கண்ணீரும் கணக்கும்

ரமளான் மாதத்தின் பிந்திய இரவுகளில் நம் பள்ளிவாசல்கள் நிரம்பி வழிகின்றன. துஆவுக்காகக் கைகள் உயர்கின்றன. விம்மல் ஒலி எழுகிறது. மகிழத்தக்க காட்சிதான். எனினும் நாம் ஒன்று கேட்கிறோம்: பெருநாள் கழிந்து ஒரு மாதம் ஆவதற்குள், அந்தக் கண்ணீரின் பயனாய் எவருடைய உரிமையாவது உரியவரிடம் திரும்பிச் சென்றதா? செல்லவில்லையெனில், அந்த அழுகை நம் நெஞ்சைக் கழுவிவிட்டது என்று எதைக்கொண்டு நம்புவது?

தன்னைத் தானே விசாரித்துக்கொள்வதை அறபியில் 'முஹாஸபா' என்பர். 'ஹிஸாப்', அதாவது கணக்கு என்னும் சொல்லோடு பிறந்த சொல் அது. பஸராவில் பிறந்து, பக்தாதில் வாழ்ந்து, கி.பி. 857இல் மறைந்த ஹாரிஸ் என்னும் பெரியார் இத்துறையில் ஆழ்ந்து நின்றமையால் 'அல்முஹாஸிபீ' என்றே பெயர் பெற்றார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யாவு உலூமித்தீன்' நூலின் 40 பகுதிகளுள் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினார்கள். அங்கே அவர்கள் காட்டும் உவமை வணிகக் கூட்டாளியின் உவமையாகும். காலையில் கூட்டாளியிடம் நிபந்தனை பேசுகிறோம், பகலில் கண்காணிக்கிறோம், மாலையில் கணக்குக் கேட்கிறோம். நம் நஃப்ஸையும் அவ்வாறே நடத்த வேண்டும் என்பது அவர்களின் முடிவு.

இமாமவர்கள் இதை ஏட்டில் எழுதியதோடு நின்றார்களில்லை. 1091இல் பக்தாத் நிஜாமிய்யாக் கலாசாலையின் பேராசிரியப் பதவி அவர்களுக்குக் கிட்டியது. அந்நாளைய உலகில் அதனினும் உயர்ந்த கல்விப் பதவி அரிது. ஆயினும், தாம் பாடம் சொல்வது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்று தம்மைக் கேட்டார்கள். கிடைத்த விடை கசப்பானது. ஏறத்தாழ ஆறு மாதம் மனம் போராடியது. பின்னர் 1095இல் பதவியைத் துறந்தார்கள். குடும்பத்தின் தேவைக்கு வேண்டியதை வைத்து, எஞ்சிய பொருளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். கேள்வி செயலில் சென்று முடிந்தது. அதனாலேயே அது முஹாஸபா ஆயிற்று.

இன்று நம்மிடையே நடப்பது யாது? "நாமெல்லாம் பாவிகள்" என்கிறோம். "சமுதாயம் கெட்டுவிட்டது" என்று பெருமூச்சு விடுகிறோம். இவற்றைச் சொல்வதால் எவருக்கும் ஒரு காசும் செலவில்லை. கடன் கொடுத்தவன் பெயரும் தொகையும் எழுதாமல், "நிறையக் கடன் இருக்கிறது" என்று மட்டும் எழுதி வைக்கும் வணிகனை நாம் எள்ளி நகையாடுவோம். ஆனால் ஆன்மாவின் பேரேட்டை மட்டும் அப்படித்தான் எழுதி வருகிறோம்.

பொதுவாகப் பேசி நழுவாமல், ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். நம் இல்லங்களில் பெண் மக்களின் வாரிசுப் பங்கு என்னவாயிற்று?

வாப்பா மறைகிறார். மனைவியும், ஒரு மகனும், இரு மகள்களும் வாரிசுகள். அடக்கச் செலவும், கடனும், முறையான வஸிய்யத்தும் போக எஞ்சிய சொத்தை 32 பங்காக்கினால், தாய்க்கு 4, மகனுக்கு 14, மகள் ஒவ்வொருத்திக்கும் 7. மதரஸா மாணவன் விரல்விட்டுச் சொல்லிவிடும் கணக்கு இது. திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் இப்பங்குகளை அல்லாஹ் விதித்த கடமை என்று முத்திரையிடுகிறது. அப்படியிருந்தும் எத்தனை வீடுகளில் அந்த ஏழு பங்கு, விடுதலைப் பத்திரத்தில் இடப்படும் ஒரு கையெழுத்தாய்க் கரைந்துபோகிறது!

கேட்டால் விடைகள் ஆயத்தமாக உள்ளன. "கலியாணத்துக்கு நகையும் சீரும் கொடுத்துவிட்டோமே" என்பர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடே கொடுக்கும் வழக்கம் உண்டு, அது போற்றத்தக்கதே. ஆனால் வாப்பா உயிரோடிருந்து கொடுத்தது அன்பளிப்பு. அவர் மறைவால் வந்தது பங்கு. ஒன்று மற்றொன்றை அழிக்காது.

"சட்டம் சிக்கலானது" என்பர். பெண்களின் உரிமையை ஊர் வழக்கங்கள் விழுங்குவதைத் தடுக்கவே 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தது. அதில் விளைநிலம் விலக்கப்பட்டிருந்தது. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கையும் நீக்கியது. ஆகவே, வயலையும் தோப்பையும் காட்டிச் சட்டத்தின் பின்னே ஒளிய இடமில்லை.

"லாத்தாவே வேண்டாமென்று சொல்லிவிட்டார்" என்பது கடைசி விடை. சகோதரரே, கேளும்! அவருக்குப் பத்திரங்களைக் காட்டினீரா? சந்தை விலையைச் சொன்னீரா? பங்கு இன்னதென்று பிரித்து அவர் கையில் கொடுத்த பின்னரா அவர் விட்டுக்கொடுத்தார்? "வேண்டும்" என்று சொல்லியிருந்தால், பெருநாளன்று அவருக்காக உமது வீட்டு வாசல் திறந்திருக்குமா? தாய்வீட்டு உறவை இழக்க அஞ்சி ஒருத்தி சொல்லும் "வேண்டாம்" மனப்பொருத்தம் ஆகாது. "கேட்டால் குடும்பம் பிரியும்" என்று சொல்வோரே, கேட்டவளால் குடும்பம் பிரிவதில்லை; கொடாதவனால் பிரிகிறது.

மனிதன் எத்தனை சாக்குகளை எடுத்து வைத்தாலும் தனக்கெதிராகத் தானே சாட்சியாவான் என்பது 75ஆம் அத்தியாயத்தின் எச்சரிக்கை. உள்ளே ஒரு குரல் உண்மையை அறிந்தேயிருக்கிறது. நாம் செய்வதெல்லாம் அதன் வாயைப் பொத்துவதுதான்.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தவ்பாவின் நிபந்தனைகளை வகுத்துள்ளார்கள். பாவத்தை விடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லையென உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றும் அடியானுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டவை. பிற மனிதரின் உரிமை சேர்ந்திருந்தால் நான்காவது ஒன்றுண்டு: அதனை உரியவரிடம் ஒப்படைத்தல். நம் கண்ணீர் முதல் மூன்றோடு நின்றுவிடுகிறது. நான்காவது கதவைத் தட்ட அது அஞ்சுகிறது. ஏனெனில், அக்கதவு சகோதரியின் வீட்டுக் கதவு.

ஆகவே, இன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு தாளை எடுங்கள். "நான் நல்லவனா?" என்று கேட்காதீர்கள், அதற்கு நஃப்ஸ் இனிய மறுமொழி சொல்லும். "யாருக்கு, எவ்வளவு, என்றைக்கு?" என்று கேளுங்கள். பெயர் எழுதுங்கள், பங்கு எழுதுங்கள், கொடுக்கும் நாளையும் எழுதுங்கள். மறுமையில் விரிக்கப்படும் ஏட்டை நம்மால் திருத்த இயலாது. இந்தத் தாளை இன்னும் திருத்தலாம்.

அதற்கான தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.